நேரம் இல்லாத பெண்களைக் கூட்டுவது எப்படி

"எங்க ஏரியாவிலும் பெண்களைச் சேர்த்து ஏதாவது செய்யணும்க்கா, எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் பேசுவது தலைப்பைப் பற்றித்தான். குடும்ப வன்முறையா சொத்துரிமையா, யாரைப் பேசக் கூப்பிடலாம், பேனரில் என்ன எழுதலாம் என்றே பேச்சு போகும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும்? அது தெரியாமல் தேதி குறித்தால் பேச்சாளர் வந்துவிடுவார், பேனரும் கட்டியிருக்கும், ஆனால் பெண்கள் குடத்தோடு குழாயடியில் நிற்பார்கள்.

எங்களுடையது வட மாவட்டம் ஒன்றில் டவுனை ஒட்டிய ஊராட்சி. பாதிப் பெண்களுக்கு விவசாயக் கூலியும் நூறு நாள் வேலையும், மீதிப் பேருக்கு டவுனில் ஜவுளிக்கடை, வீட்டு வேலை, ஷூ கம்பெனி. சில வருடங்களாக ஒரு குழுவாகக் கூடுகிறோம். பதிவு பெற்ற அமைப்பு கிடையாது, லெட்டர்பேடு கிடையாது, தலைவி செயலாளர் என்று பதவிகளும் கிடையாது. பெண்ணுரிமை பற்றி நிறையப் படித்தவர்கள் எங்களில் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு அது வாழ்க்கையிலிருந்தே தெரியும். இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், இப்படிச் சின்ன ஊர்களில் தனியாக ஆரம்பிக்கிற பெண்களுக்கு நடைமுறை விஷயங்களைச் சொல்லித்தர ஆள் இல்லை என்பதுதான். கொள்கை பேசும் புத்தகம் கிடைத்துவிடுகிறது, கூட்டத்துக்கு வந்தவளின் கைக்குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நேரம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று நான் நினைக்கிறேன். மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவழிக்கிறார்கள், அந்த வேலையில் கைகொடுக்கிற ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தபோது அது 289-ம் 88-மாக இருந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், கூலிக்குப் போகிறவளுக்கு வீட்டு வேலை அதற்குப் பிறகுதான். இந்தக் கணக்கை மனதில் வைக்காமல் "விழிப்புணர்வு இல்லாததால் பெண்கள் வருவதில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவளுக்கு விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது, இல்லாதது சாயங்காலம் ஒரு மணி நேரம்.

அதனால் நாங்கள் செய்தது இதுதான். தண்ணீர் வராத நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல், ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஐந்து என்றால் ஐந்துதான், பேச்சு எவ்வளவு சூடாக இருந்தாலும் சரி, ஏனென்றால் ஒரு தடவை லேட்டாக வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கியவள் அடுத்த தடவை வரமாட்டாள், அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரியும் வரமாட்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிடுகிறோம், பக்கத்து அறையில் சார்ட் பேப்பர், கிரேயான், பழைய டயர், பந்து, விளையாட்டுச் சாமான் ஒரு மூட்டை என்று போட்டு, அங்கே உட்காருவது எங்கள் வீட்டு ஆண்கள். டீ போடுவதும் அவர்கள்தான். இதை நாங்கள் பெரிய புரட்சியாக அறிவிக்கவில்லை, ஆனால் கூட்டத்தில் எந்தப் பேச்சாளரும் ஏற்படுத்தாத விளைவை அது ஏற்படுத்தியது. ஒருவருடைய வீட்டுக்காரர் டம்ளர் கழுவுவதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து, "எங்க வீட்ல இத பாத்தா மாமியா மயக்கம் போட்டுடும்" என்று ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு வீட்டு வேலைப் பங்கீடு பற்றித் தனியாகத் தலைப்பு வைக்கத் தேவையிருக்கவில்லை, அங்கிருந்தே பேச்சு ஓடியது.

மாமியார் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மாமியார்களைக் கூப்பிடுங்கள். மருமகளை வெளியே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற இடத்தில் பல வீடுகளில் அவர்கள்தான் இருக்கிறார்கள், அவர்களைத் தாண்டி மருமகளிடம் போனால் "குடும்பத்தைக் கெடுக்க வந்துட்டாங்க" என்ற பேச்சு அன்றைக்கே கிளம்பிவிடும். அதோடு அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. விதவை உதவித்தொகைக்கு அலைந்தது, பிறந்த வீட்டு நிலத்தில் ஒரு சென்ட் கூடக் கிடைக்காதது, பதினைந்து வயதில் கல்யாணம் ஆனது. பள்ளிக்கூட ஹெச்.எம்., வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) என்று யாராவது வந்து பேசியிருந்தால் பெண்கள் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள், பக்கத்துத் தெருக் கிழவி பேசினால் கேட்கிறார்கள்.

இடம் விஷயம் நேரத்தை விடச் சிக்கலானது, இங்கே ஜாதியைப் பற்றிப் பேசாமல் தாண்டிப்போக முடியாது. எங்கள் ஊரும் ஊர்த்தெரு, காலனி என்று பிரிந்துதான் கிடக்கிறது. கோயில் மண்டபத்தில் கூட்டம் என்றால் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். காலனியில் என்றால் ஊர்த்தெருப் பெண்கள் "அங்கயா?" என்பார்கள். "நாமெல்லாம் பெண்கள்தானே, நமக்குள்ள என்ன" என்று மேலோட்டமாகப் பூசி மெழுகினால் அது ஊர்த்தெருப் பெண்கள் சங்கமாகத்தான் முடியும், பல ஊர்களில் அப்படித்தான் முடிந்திருக்கிறது. நாங்கள் காலனியிலிருந்தே ஆரம்பித்தோம். முதல் சில கூட்டங்கள் முழுக்க அங்கேதான், அங்கிருக்கிற பெண்கள் நடத்தினார்கள், அவர்கள் சொன்ன பிரச்சினைதான் முதல் மனுவாகப் போனது. ஊர்த்தெருவிலிருந்து வந்தவர்கள் குறைவு, ஆனால் வந்தவர்கள் அங்கே டீ குடித்தார்கள். டீ குடிக்காமல் "இப்பதான் வீட்ல குடிச்சேன்" என்றவர்களும் இருந்தார்கள், அதையும் எல்லோரும் கவனித்தார்கள். ஒருவரையும் அதற்காக எதுவும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த கூட்டத்தில் அதையே பேசுபொருளாக எடுத்தது காலனியிலிருந்து வந்த ஒரு அக்கா. கஷ்டமான கூட்டம் அது. இரண்டு பேர் அதற்கப்புறம் வரவே இல்லை. எங்களுக்கு அது சரியென்றுதான் பட்டது.

நாற்காலி போடாதீர்கள். முட்டி வலி உள்ள வயதானவர்களுக்கு மட்டும் போட்டு, மற்ற எல்லோருக்கும் பாய். நாற்காலி வந்தால் மேடை வரும், மேடை வந்தால் சிறப்பு விருந்தினர் வருவார், சால்வை வரும், அப்புறம் பெண்கள் கேட்கிறவர்களாக மட்டும் ஆகிவிடுவார்கள். மார்ச் 8 அன்றைக்குப் பல இடங்களில் கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், பரிசு என்று நடக்கிறது, அதில் பெண்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். 1917 மார்ச் 8-ல் ரஷ்யாவின் பெட்ரோகிராடு தெருக்களில் இறங்கிய பெண்கள் ரொட்டி கேட்டார்கள் என்பதை அதே நாளில் ஐந்து நிமிடம் சொன்னால் போதும், எங்கள் பெண்கள் ரேஷன் கடை வரிசையைப் பற்றி அவர்களாகவே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எங்களுக்கு அதிகம் கைகொடுத்த விஷயம் கோலமாவு. பேச்சு வேண்டாம், ஊரைத் தரையில் வரையலாம் என்று பள்ளிக்கூட வாசலில் ஆரம்பித்தோம். முதல் கோடு யார் போடுவது என்று தயங்கினார்கள், அப்புறம் ஒரு ஆயா பஸ் ஸ்டாப்பிலிருந்து காலனி வரைக்கும் ஒரே இழுப்பில் ரோட்டை இழுத்துவிட்டார். கை பழகிய வேலை அல்லவா. ஏரிக்கரை, ரேஷன் கடை, டாஸ்மாக், புளியமரம், கோழிப்பண்ணை எல்லாம் வந்தது. இருட்டிய பிறகு தனியாகப் போக மாட்டேன் என்கிற இடத்தில் செங்காவி வையுங்கள் என்றோம். கொஞ்ச நேரம் யாரும் வைக்கவில்லை. ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு பெண் எழுந்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து கோழிப்பண்ணை வளைவு வரைக்கும் விடாமல் தூவிக்கொண்டே போனாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள். ஏரிக்கரையில் வைத்தது இருட்டுக்காக மட்டும் இல்லை, வீட்டில் கழிப்பறை இல்லாதவர்கள் அங்கேதான் போக வேண்டும். ஒரு சின்னப் பெண் தன் சொந்தத் தெருவிலேயே ஒரு வீட்டு வாசலில் வைத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீடு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அவளோடு தனியாகப் பேசியது பிறகு.

அந்தப் படத்தை அப்படியே ஒரு நோட்டில் வரைந்துகொண்டோம். நவம்பர் 25 பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாள், டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரத்தை எதிர்த்த மிராபல் சகோதரிகள் 1960-ல் கொல்லப்பட்ட நாள் அது. அன்றைக்கு இரவு எட்டரை மணிக்கு, செங்காவி வைத்த பாதை முழுக்க நடந்தோம். இங்கிலாந்தின் லீட்ஸில் 1977-ல் பெண்கள் இரவில் தெருவில் இறங்கி நடந்த மாதிரி உலகம் முழுக்க நடக்கிறது, எங்கள் நடையில் கோஷம் குறைவு. கையில் டார்ச்சும் நோட்டும். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எதற்கும் எதற்கும் நடுவில் கம்பமே இல்லை, கம்பத்தில் எண் இருந்தால் எண் என்ன என்று எழுதிக்கொண்டே போனோம். முன்னால் ரெண்டு பெண்கள் பறை அடித்துக்கொண்டு போனார்கள், பெண்கள் பறை அடிப்பதைப் பார்க்கவே வாசலுக்கு வந்தவர்கள் நிறைய. இப்படி நடக்க நினைத்தால் சில நாள் முன்னாலேயே போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பாதை, நேரம், பொறுப்பாளர்கள் பெயரோடு. மைக் வைப்பதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். வாங்கிக்கொண்டதற்கு உங்கள் நகலில் கையெழுத்தும் சீலும் வேண்டும்.

மனு எழுதுவதில் ஒரு விஷயம். ஒரு தாளில் ஒரு கோரிக்கை. விளக்கு, கழிப்பறை, டாஸ்மாக், பஸ் எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் அது நான்கு துறைகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொருவரும் அது எங்களுடையது இல்லை என்பார்கள். தெருவிளக்கு ஊராட்சி, புதுக் கம்பம் மின்வாரியத்தின் மதிப்பீடு, பஸ் நேரம் போக்குவரத்துக் கழகம் என்று பிரித்து எழுதினோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண் வாங்கினோம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005-ல் வந்தது, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இன்ன எண் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று ஒரே கேள்வி. 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மனுவுக்கு அசையாதவர்கள் இதற்கு அசைந்தார்கள்.

கிராம சபையைப் பெண்கள் கையில் எடுக்காமல் விடுவது பெரிய நஷ்டம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள். மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தபட்ச வருகை உண்டு: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அதாவது கூட்டம் செல்லுபடியாக நம் தலைகள் அவர்களுக்குத் தேவை. நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களைக் கூட்டிவந்து உட்காரவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புகிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. கையெழுத்தை முதலில் போடாதீர்கள். நம் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போய், படித்து, புத்தகத்தில் ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்து, அதற்குக் கீழே போடுங்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, ஆனால் தலைவர் நாற்காலியில் பெண் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அவர் கணவர் பேசிக்கொண்டிருப்பதை நான் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு சபையில் எங்கள் குழுவில் ஒரு அக்கா எழுந்து விளக்கைப் பற்றிக் கேட்டார். கணவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். "நான் தலைவர்கிட்ட கேட்டேங்க" என்று சொல்லிவிட்டு உட்காராமல் நின்றார். இன்னொரு தடவை கணவர் வாயெடுத்தார், இவர் மறுபடி அதையே அதே குரலில் சொன்னார். கடைசியில் தலைவரே பேசினார், மெதுவாக, ஆனால் சரியாக, எஸ்டிமேட் எங்கே நிற்கிறது என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரை மட்டம் தட்டுவது எங்கள் நோக்கமே இல்லை, அவரும் நம்மில் ஒருவர். அதற்குப் பிறகு அவர் சில கூட்டங்களுக்கு வந்து பாயில் உட்கார்ந்தார்.

சின்ன விஷயத்தில் ஆரம்பிக்கிறோமே, இது பெண்ணியமா, விளக்கும் கழிப்பறையும் பேசினால் ஆணாதிக்கம் ஒழியுமா என்று டவுனில் படித்த தோழிகள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நடந்தவற்றைப் பாருங்கள். புதுக்கோட்டையில் 90-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், சைக்கிள் கிடைத்தவள் பஸ்ஸுக்கும் ஆம்பளைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆனது. நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் 1992-ல் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள்தான் சாராயக்கடையை மூடவைத்தார்கள், அடுத்த வருடம் ஆந்திரா முழுக்கச் சாராயத்துக்குத் தடை வந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி பெண்கூட்டு என்ற அமைப்பைச் சேர்த்துக் கேட்ட முதல் விஷயங்களில் ஒன்று, கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை. அங்கிருந்து உட்காரும் உரிமைக்குப் போனார்கள், கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது, 2021-ல் தமிழ்நாடும் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று திருத்தியது. வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டமே ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளருக்கு 1992-ல் நடந்த பாலியல் கொடுமையிலிருந்து, உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பு வழியாக வந்தது. இதெல்லாம் ஏதோ ஒரு தெருவில், சின்னதாகத் தெரிகிற ஒன்றைக் கேட்கப் போனதில் ஆரம்பித்தவைதான்.

இப்போது கஷ்டமான பகுதி. நீங்கள் தொடர்ந்து கூட ஆரம்பித்தால், கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருத்தி பாயை மடிக்கிற சாக்கில் நின்றுகொண்டிருப்பாள். அதற்குத் தயாராக இல்லாமல் கூட்டமே போடாதீர்கள். எங்களுக்குள் சில கறாரான விதிகள் வைத்திருக்கிறோம். கூட்டத்தில் யாரையும் எழுப்பி "உன் கதையைச் சொல்லு" என்று கேட்பதில்லை. அவளுடைய விஷயம் அவளைக் கேட்காமல் நம் வீட்டுக்காரருக்குக் கூடப் போகக்கூடாது. அவள் வீட்டை விட்டு வர வேண்டும் என்றோ, அனுசரித்துப் போக வேண்டும் என்றோ நாங்கள் சொல்வதில்லை, இரண்டுக்கும் என்ன வழி என்று சொல்வோம், முடிவு அவளுடையது. முக்கியமாக, நாங்களே கூப்பிட்டு உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசுவதில்லை. ஊர் பெரியவர்கள் செய்வதையே பெண்கள் செய்தாலும் அது கட்டப்பஞ்சாயத்துதான்.

தெரிந்துவைத்திருக்க வேண்டியவை: 181 மகளிர் உதவி எண், அவசரத்துக்கு 112, குழந்தை என்றால் 1098, சட்ட உதவிக்கு 15100. மாவட்டத்தில் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, தற்காலிகமாகத் தங்கலாம், மருத்துவமும் ஆலோசனையும் கிடைக்கும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் நிறைவேறியது, அதன்கீழ் பாதுகாப்பு அலுவலரிடமே நேராகப் போகலாம், முதலில் போலீஸில் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீடு கணவன் பெயரில் இருந்தாலும் மாமியார் பெயரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாதபடி அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைக் கேட்கலாம், இதைச் சொன்னதும் எத்தனை பெண்கள் "நிஜமாவா?" என்று கேட்டார்கள் தெரியுமா. வழக்கை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில்.

ஸ்டேஷனுக்குப் போனால் தனியாக அனுப்பாதீர்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது, இன்றைக்கு எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது, ஆனாலும் உள்ளே போகக் கால் நடுங்கும். நாங்கள் ஒருத்தியோடு போன ஒரு ஸ்டேஷனில், முகத்தில் வீக்கத்தோடு நின்றவளைப் பார்த்து "புள்ளைங்க இருக்குல்ல, அனுசரிச்சுப் போம்மா" என்றார்கள். சத்தம் போடாமல் "சரிங்க மேடம், சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் குடுத்துடுங்க" என்று உட்கார்ந்துவிட்டோம். மதியம் போய்ச் சாயங்காலம் ஆனது. ரசீது வந்தது. புகார் கொடுத்ததற்கு அந்தத் தாள்தான் ஆதாரம், அது இல்லாமல் வெளியே வரக்கூடாது. போவதற்கு முன்னால் புகாரை வீட்டிலேயே எழுதி, தேதி, நேரம், என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி, ரெண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடிபட்டிருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, எப்படி அடிபட்டது என்று உள்ளபடியே சொல்லச் சொல்லுங்கள், "வழுக்கி விழுந்தேன்" என்று சீட்டில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

போன் விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பாதி வீடுகளில் ஒரே போன், அதுவும் வீட்டுக்காரர் கையில். எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் ஒரு சாதாரணத் தையல் வகுப்புப் பெயர் மாதிரி இருக்கும். கூட்ட நேரம், தண்ணீர், ரேஷன் செய்தி தவிர வேறு எதுவும் அதில் போடுவதில்லை, யாருடைய பிரச்சினையும் ஒரு வரிகூட வராது. எழுதுவதைவிட வாய்ஸ் மெசேஜ் நிறையப் பேருக்குப் போய்ச்சேரும், ஆனால் அதைக் கேட்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று நினைத்துத்தான் பேச வேண்டும். கூட்டத்தில் போட்டோ எடுப்பதானால் பின்பக்கமிருந்து, அல்லது அந்தக் கோலமாவுப் படத்தை மட்டும்.

சுய உதவிக் குழுக்கள் வழியாகப் போகலாமா என்று கேட்பார்கள். தருமபுரியில் 1989-ல் தொடங்கிய அந்தக் குழுக்கள்தான் லட்சக்கணக்கான பெண்களை வீட்டுக்கு வெளியே ஒரு இடத்தில் உட்காரவைத்தன, அதன் அருமை எனக்குத் தெரியும், எங்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தான். ஆனால் கடன் தவணை பேசும் கூட்டத்திலேயே இதையும் சேர்க்காதீர்கள். பணம் கட்ட முடியாதவள் அன்றைக்கு வரமாட்டாள், வந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள், பிரச்சினை அதிகம் இருக்கிறவளும் பெரும்பாலும் அவளேதான். செலவுக்கு நாங்கள் கட்சிகளிடமோ கடைக்காரர்களிடமோ வாங்குவதில்லை. ஒரு டப்பா இருக்கும், முடிந்தவர்கள் போடுவார்கள், கூட்டம் முடியும்போது எவ்வளவு இருந்தது, டீத்தூளுக்கும் ஜெராக்ஸுக்கும் எவ்வளவு போனது என்று சத்தமாக வாசித்துவிடுவோம். வாசிப்பவர் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். ஆபீஸுக்கு மனு கொண்டுபோகிறவரையும் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறோம், ஒரே ஆள் எல்லாவற்றையும் இழுத்தால் ஒருநாள் படுத்துவிடுவார், அவரோடு குழுவும் படுத்துவிடும்.

கிடைத்தது என்ன என்று கேட்டால், பஸ் ஸ்டாப்பிலிருந்து கோழிப்பண்ணை வளைவு வரைக்கும் விளக்கு எரிகிறது. ஏரிக்கரைப் பக்கம் இன்னும் இல்லை. டாஸ்மாக் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, கொடுத்த தீர்மானம் புத்தகத்தில் இருக்கிறது, விடப்போவதில்லை. ரெண்டு பெண்கள் குடியிருக்கும் உரிமை வாங்கி அவரவர் வீட்டிலேயே இருக்கிறார்கள். தன் தெருவிலேயே செங்காவி வைத்த அந்தச் சின்னப் பெண் இப்போது காலேஜ் போகிறாள்.

எங்களால் எட்டவே முடியாமல் இருந்தவர்கள் டவுன் ஜவுளிக்கடைப் பெண்கள். காலை ஒன்பதரைக்குப் போய் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் திரும்புவார்கள், பல கடைகளில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை, பண்டிகை நேரத்தில் வாரவிடுப்பும் கிடையாது. உட்காரும் உரிமை சட்டத்தில் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையில், அல்லது முதலாளியே தொல்லை கொடுத்தால், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதலாம் என்பதும் தெரியாது. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அதே குழுதான். இதையெல்லாம் உள்ளங்கை அளவு தாளில், சாப்பாட்டுப் பையில் மடித்து வைக்கிற மாதிரி, பெரிய எழுத்தில் அச்சடித்தோம். கொடுப்பது எங்கே? கடை வாசலில் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் பிரச்சினை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் எங்களுக்கும் செலவில்லை. காலை எட்டே முக்கால் பஸ்ஸில் எங்களில் ரெண்டு பேர் ஏறிக்கொள்கிறோம், டவுன் போய்ச்சேர அரை மணி நேரம், அவர்கள் பேசுவதைக் கேட்கிறோம், தாளைக் கொடுக்கிறோம், எழுதிக்கொள்கிறோம். கழிப்பறைக்குப் போக விடாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று போன வாரம் நாலு பேர் சொன்னார்கள். அடுத்த மனு அதுதான், எழுதிக்கொண்டிருக்கிறோம்.